உள்பக்கம் டார்ச் போகாது

திருமுடிவாக்கம் சிட்கோவில் கரண்ட் போனால்தான் நாலு பேர் உட்கார்ந்து பேச முடியும். அன்றைக்குப் பிரஸ் எல்லாம் நின்றுவிட்டது. என் லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பச்சையும் நீலமுமாக ஒரு ஜிப் கிரேனின் கை. அரை டன் டையைத் தூக்க, வெளியே வாங்காமல் நாமே செய்துகொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அது தூக்கும்போது கீழே நிற்கப்போவது எங்கள் ஆட்கள்தான்.

வெல்டர் அண்ணன் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு கஸட்டுக்கும் நடுவுல எவ்ளோ தம்பி?"

"நாப்பது எம்எம் ண்ணா."

"உள்பக்கம் டார்ச் போகாதே. வெல்டு எங்க வச்சிருக்க?"

எங்கேயும் வைக்கவில்லை. படத்தில் தகடுகள் ஒட்டியிருந்தன. அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். கணக்கும் வந்துவிட்டது: அதிகபட்ச ஸ்ட்ரெஸ் 110. நாங்கள் வாங்கும் தகட்டின் யீல்டு 250. நிம்மதியாகத்தான் இருந்தேன்.

நான் பயன்படுத்துவது கால்குலிக்ஸ். ஜெர்மனியில் எம்டியூ விமான எஞ்சின் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்த சால்வர். அதற்குப் படம் தெரியாது. மாடலை எக்ஸ்போர்ட் செய்தால் வரும் ஐஎன்பி ஃபைல் வெறும் எழுத்து, எண்தான். முதலில் நோடுகள்: ஒரு வரிசை எண், மூன்று ஆயத்தொலைவுகள். பிறகு எலிமென்ட்டுகள்: ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், அது எந்தெந்தப் பத்து நோடுகளால் ஆனது என்ற பட்டியல். பிறகு இரும்பின் குணம், பிடிமானம், பாரம். மில்லிமீட்டரா மீட்டரா என்றுகூட அதில் இருக்காது, அது நம் பொறுப்பு.

அண்ணன் போனபின் அந்த ஃபைலை நோட்பேடில் திறந்தேன். எட்டு வருஷமாக எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்துகிறேன். வெளியே வந்ததைப் படித்ததில்லை. கஸட்டின் ஒரு எலிமென்ட்டை எடுத்து, அதன் நோடு எண்களைத் தேடினேன். அதே எண்கள் கிரேன் கையின் எலிமென்ட்டுகளிலும் இருந்தன. இரண்டு பாகத்துக்கும் ஒரே நோடு என்றால் சால்வருக்கு அவை இரண்டல்ல. வார்த்தெடுத்த ஒரே இரும்பு. பாகங்களை நான் ஒன்றாக இணைத்தபோதே அது நடந்துவிட்டது. சாஃப்ட்வேர் ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. அதன் கணக்கில் தப்பும் இல்லையே.

சாயங்காலம் மாடலை மாற்றினேன். கஸட்டுக்கும் கைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டு, டார்ச் போகும் வெளிப்பக்கம் மட்டும் 6 எம்எம் வெல்டை முக்கோணத் துண்டாக வரைந்தேன். மறுபடி எக்ஸ்போர்ட். இந்த முறை எண்களைத் தேடிப் பார்த்தேன். பொது நோடுகள் வெல்டில் மட்டும். ஓடவிட்டால் 270ஐத் தாண்டிவிட்டது. கூர்மூலையில் எண் கொஞ்சம் மிகையாகத்தான் வரும். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் அந்த இடத்துக்குக் கீழே என்னால் நிற்க முடியாது.

மறுநாள் அண்ணனிடம் காட்டினேன். எண்ணைப் பார்க்கவே இல்லை அவர். சாக்பீஸை எடுத்து, இரண்டு கஸட்டுக்குப் பதிலாக நடுவில் ஒன்றைத் தரையில் வரைந்தார்.

"பதினாறு எம்எம் போடு. ரெண்டு பக்கமும் நான் அடிச்சுத் தரேன்."

அதை வரைந்து, எக்ஸ்போர்ட் செய்து, ஃபைலைத் திறந்தேன். அண்ணன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுல நம்ம வெல்டு எந்த லைன்ல இருக்கு, காட்டு."