பென்ஸ் லாரியும் பீங்கான் கப்பும்

லாரியைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூக்கிலிருந்து வால்வரை முழுசாக எடுத்த படம் போனில் அழகாக இருக்கும். கப்பில் எடுபடாது. பிரிண்டுக்கென்று கடைகளில் கிடைக்கும் சாதாரண வெள்ளைக் கப்பில் படம் ஏறும் இடம் சுமார் 20 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரம். உருண்டையாக இருப்பதால் அதில் பாதிக்குமேல் ஒரே பார்வைக்குச் சிக்காது. முன்சக்கரம் தெரிந்தால் பின்சக்கரம் ஒளிந்துகொள்ளும். அதனால் கப்புக்கென்று எடுக்கும்போது வண்டியின் முன்மூலையில் நின்று, முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து வருகிற மாதிரி எடுப்பேன். இன்னொரு படம் கேபினுக்குள்ளே. குடிப்பவருக்கு ஸ்டீயரிங், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு லாரியின் முகம்.

கப்பில் ஏறும் பழைய வண்டி பிக்அப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. அங்கே சிவப்பு பிக்அப்பின் முதுகில் கிறிஸ்துமஸ் மரம் ஏறிய படம் கப், தலையணை உறை என்று எல்லாவற்றிலும் ஓடுகிறது. நம் பக்கம் 1988இல் டாடாமொபைல் 206 பிக்அப் வந்தது. என் மனசு அதற்கு முந்தைய வண்டிகளிலேயே நிற்கிறது. 1954இல் டாடாவும் டைம்லர்-பென்ஸும் கைகோத்தன. 1969இல் ஒப்பந்தம் முடிந்து, பென்ஸின் நட்சத்திரம் இருந்த இடத்தில் டாடாவின் முத்திரை வந்தது. அதற்கப்புறமும் ஊர்க்காரர்களுக்கு அது பென்ஸ் லாரிதான்.

சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டத்தில் அர்ச்சுனா நதிக்குக் குறுக்கே அணை இருந்தும் இந்த வட்டாரத்தில் தண்ணி லாரிக்கு வேலை ஓய்வதில்லை. சரக்கு ஏற்றித் தேய்ந்த வண்டி கடைசியில் முதுகில் டேங்க்கைச் சுமக்கும். எனக்கு அதில் ஒரு லாபம். கரிசல்காட்டு வெயிலில் வெளுத்த பெயின்ட் சுண்ணாம்பு பூத்தமாதிரி கிடக்கும். எந்த லென்ஸ் போட்டாலும் சாம்பல்தான் வரும். அதே கதவில் ஒரு வாளித் தண்ணீரை வீசுங்கள், உள்ளே தூங்கிய நீலம் எழுந்து வரும். காய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். டிரைவர்கள் முதலில், "பைனான்ஸ்ல இருந்து வாரீகளா?" என்று கேட்பார்கள். "இல்ல அண்ணாச்சி, கப்புல போடப் போறேன்" என்றால் சந்தேகம் இன்னும் கூடும். வாளியை மட்டும் அவர்களே தூக்கிக் கொடுப்பார்கள்.

பிரிண்ட் வேலையில் பொறுமை வேண்டும். சப்ளிமேஷன் மையில் தாளில் வரும் படம் இடவலம் மாறி, செத்த நிறத்தில் இருக்கும். பிரஸ்ஸில் 180, 200 டிகிரிச் சூட்டில் சில நிமிடம் இருந்தால் மை ஆவியாகிக் கப்பின் மேற்பூச்சுக்குள் இறங்கும். நிறம் அப்போதுதான் பிறக்கும். சூடு மிஞ்சினால் கறுப்பு பழுப்பாகிவிடும், டயரெல்லாம் துருப்பிடித்திருக்கும். இந்த மையில் வெள்ளை கிடையாது. கப்பின் வெள்ளையே வெள்ளை. ஆகவே வெளிறிய வானத்துக்கு எதிரே வெள்ளைக் கேபினை எடுத்தால் லாரிக்குக் கூரை இருக்காது.

இதே படத்தைக் காலண்டரில் போடுவது வேறு உலகம். தீப்பெட்டி லேபிளில் தொடங்கி வளர்ந்த சிவகாசி அச்சகங்களில் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் தெய்வப் படங்கள் லட்சக்கணக்கில் ஓடின. அந்தப் பளபளப்புக்குப் பழகிய கண்கள் துருவை அழுக்கு என்றுதான் பார்க்கும். இன்னொரு சங்கடம், நாள் கணக்கு. புது வருடக் காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்குக்கே வெளியாகிவிடும். வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து லாரி நிற்கும் ஆயுத பூஜையோ அதற்குப் பின்னால் வருகிறது. 2025 பூஜையில் எடுத்த வண்டி 2027 காலண்டருக்குத்தான் ஆகும்.

சிவகாசியில் லாரி என்றால் பட்டாசு லாரியும் உண்டு. ஆனால் ஆலைக்குள் கேமராவோ செல்போனோ கொண்டுபோகக் கூடாது. சரக்கு லாரி வெளியே வந்து நிற்கும் டீக்கடைதான் நமக்கு ஸ்டுடியோ.

விற்கும் படங்களில் பதிவெண்ணை அழித்துவிடுவேன். யாருடைய வண்டி என்று ஊருக்குத் தெரிய வேண்டாம். கம்பெனி முத்திரையையும் எடுத்துவிடுவேன், அது அவர்கள் சொத்து. ஆனால் வண்டிக்காரருக்குக் கொடுக்கும் கப்பில் அந்த எண் இருந்தே ஆக வேண்டும். எங்கள் மாவட்டத்துக்கு டி.என். 67 வருவதற்கு முந்தைய பழைய எண் என்றால், அதைக் கொஞ்சம் பெரிசாகப் போட முடியுமா என்பார்கள்.