கடைசி 95 நிமிஷம்

போன வருஷம் கோடையில் அக்கா வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். நியூஜெர்ஸியில் எடிசன். தடுக்கி விழுந்தால் தோசைக் கடை வாசலில்தான் விழ வேண்டும். அப்படி ஓர் ஊர்.

போய் இறங்கின மறுநாளே அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"டேய், நீ பத்திரிகையில எழுதறவன். மனோதத்துவம் எல்லாம் தெரிஞ்சிருக்கும். குட்டிக்கு சைக்காலஜி புஸ்தகம் மட்டும் பார்த்து செலக்ட் பண்ணிக் குடுடா."

நான் பி.காம். எனக்குத் தெரிந்த மொத்த மனோதத்துவமும், பஸ்ஸில் எந்த ஆசாமி அடுத்த ஸ்டாப்பில் எழுந்திருப்பார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்வது. அதிலும் பாதி நாள் நின்றுகொண்டேதான் போயிருக்கிறேன். ஆனால் ப்ளேன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது அத்தான். மறுக்க முடியுமா? "பார்த்துடலாம்க்கா" என்றேன்.

குட்டி என்பது அக்கா பெண். காலேஜ் மூன்றாம் வருஷம் முடித்தவள். அங்கே ப்ளஸ் டூ முடித்ததும் நேரே டாக்டருக்குப் படிக்கப் போய்விட முடியாது. பெரும்பாலும் நாலு வருஷ டிகிரி, அதற்கு மேல்தான் மெடிக்கல் காலேஜ். நடுவில் ஒரு நுழைவுத் தேர்வு. பெயர் எம்கேட். நம் ஊர் நீட்டில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜியோடு கதை முடிந்தது. அங்கே 2015-லிருந்து சைக்காலஜி, சோஷியாலஜிக்கென்று தனியாக ஒரு பகுதியே வைத்துவிட்டார்கள். 59 கேள்வி, 95 நிமிஷம். அதுவும் எங்கே? காலையிலிருந்து கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், படித்துப் புரிந்துகொள்ளும் பகுதி, பயாலஜி என்று மூன்று கண்டம் தாண்டி, மூளை ரசம் சாதம் மாதிரி குழைந்த பிறகு கடைசியாக! இடைவேளைகளோடு சேர்த்தால் ஏழரை மணி நேரம். ஏழரை என்ற எண்ணை யார் தேர்ந்தெடுத்தார்களோ, நம் ஊர் ஜோசியம் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பகுதிக்கும் 118-லிருந்து 132 வரை மார்க். குட்டி ஏற்கெனவே ஒரு தடவை எழுதியிருந்தாள். 127, 126, 129... சைக்காலஜியில் மட்டும் 122. மொத்தம் 504. மெடிக்கல் காலேஜில் இடம் கிடைத்தவர்களின் சராசரியோ 511-க்கு மேல். அந்த ஒரு பகுதி காலை வாரிவிட்டது.

"எல்லாரும் அது ஈஸி செக்‌ஷன்னு சொன்னாங்க மாமா. காமன்சென்ஸ், ஒரு வாரம் போதும்னாங்க."

அவள் காட்டின கேள்விகளைப் பார்த்தேன். காமன்சென்ஸ் உள்ளவன் தவறாகப் போடுவதற்கென்றே தயாரித்தவை. உதாரணத்துக்கு, 'நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்' என்றால் என்ன? தண்டனை என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லையாம். அக்கா "படி, படி" என்று நச்சரிக்கிறாள். குட்டி எழுந்து ரூமுக்குள் போகிறாள். நச்சரிப்பு நின்றுவிடுகிறது. அதனால் ரூமுக்குள் போகிற பழக்கம் வளர்கிறது. பிடிக்காத ஒன்றை நீக்கி ஒரு பழக்கத்தை வளர்ப்பது, அதுதான் இது. தண்டனை என்பது பழக்கத்தைக் குறைப்பது. (ரூமுக்குள் போய் அவள் படித்தாளா என்பது வேறு விஷயம்.)

ஜனவரி மாசம் பூரா செக்கில் போன வருஷத்தையே எழுதி அடித்துத் திருத்துகிறோம் இல்லையா? பழைய ஞாபகம் புதியதை இடிக்கிறது. அதற்கு ஒரு பெயர். புது போன் நம்பர் மனசில் பதிந்ததும் பழைய நம்பர் மறந்து போகிறதே, அதற்கு வேறு பெயர். இரண்டு பெயரையும் அடுத்தடுத்து ஆப்ஷனில் வைத்து, உட்காருகிறவர்களைச் சுற்றலில் விடுகிறார்கள். ஆபீசில் மேனேஜர் எதிரில் ஒரு முகம், டீக்கடையில் ஒரு முகம் வைத்திருக்கிறோமே, அதைக்கூட எர்விங் காஃப்மேன் என்பவர் மேடை, மேடைக்குப் பின்புறம் என்று பிரித்து சோஷியாலஜி ஆக்கிவிட்டார். அதிலும் கேள்வி வரும். பி.காம். படித்து ஆபீஸ் போகிற நாம் எல்லோரும் ப்ராக்டிகலில் பாஸ், தியரிதான் தெரியாது.

சரி, புஸ்தகம் பார்க்கலாம் என்று குட்டி என்னைக் கராஜுக்குக் கூட்டிப் போனாள். அமெரிக்காவில் கார் வெளியே நிற்கும், கராஜில் சாமான் இருக்கும். நாலு அட்டைப் பெட்டி. காப்லான் போடுகிற ஏழு புஸ்தக செட். அதில் ஒன்று சைக்காலஜி. போதாதென்று இன்னொரு கம்பெனியின் சைக்காலஜி. கான் அகாடமி வீடியோக்களைப் (ஆரம்பித்தவர் பெயர் சல்மான் கான், நடிகர் இல்லை) பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் எழுதிய 300 பக்க நோட்ஸ். அவ்வளவு படிக்க முடியாதவர்களுக்கு அதையே சுருக்கி 86 பக்க நோட்ஸ். இரண்டையும் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டிருந்தாள். கம்ப்யூட்டரில் ஆன்கி என்ற சீட்டுக்கட்டு மென்பொருள். அதில் நாலு வெவ்வேறு பேர் தயாரித்த கட்டுகள், ஆயிரக்கணக்கில் சீட்டு. யூவேர்ல்ட் கேள்வித் தொகுப்புக்கும் சந்தா கட்டியாகிவிட்டது. அதில் மொத்தம் பதினோரு கேள்விதான் போட்டுப் பார்த்திருந்தாள்.

300 பக்க நோட்ஸைப் புரட்டினேன். திருவிழா முடிந்து மஞ்சள் நீராடின மாதிரி இருந்தது. வரிக்கு வரி ஹைலைட்டர். மஞ்சள் காயாத இடத்தில் பச்சை.

மூடி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டேன்.

"இது தெரியும் மாமா... லெஃப்ட் சைடு பேஜ்ல கீழே இருக்கும்... க்ரீன்ல போட்டிருக்கேன்..."

இடம் ஞாபகம் இருக்கிறது, கலர் ஞாபகம் இருக்கிறது. விஷயம்தான் வரவில்லை.

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. காரணம், அந்த நாலு பெட்டியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். சென்னையில், எங்கள் வீட்டுப் பரணில். சி.ஏ. இன்டருக்கு நான் வாங்கிச் சேர்த்தவை. யாராவது "இந்த ஆத்தர் நல்லா இருக்கும்" என்றால் போதும், அன்று சாயங்காலமே வாங்கிவிடுவேன். வாங்கின ராத்திரி ஒரு நிம்மதி வரும் பாருங்கள், பாதி பாஸான மாதிரி! அந்த நிம்மதியில் தூங்கிவிடுவேன். ஒரு தடவை எழுதி ஃபெயில். அடுத்த தடவைக்குப் பணம் கட்டிவிட்டு, பரீட்சை அன்று மெரினாவில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். 'தம்பிக்கு எழுத்தில் ஆர்வம், அதனால் சி.ஏ.வை விட்டுவிட்டான்' என்பது குடும்பத்தில் நிலவும் வரலாறு. அதை எழுதியவனும் நான்தான்.

கராஜில் குட்டியிடம் இதைச் சொல்லிவிட்டேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் இந்தத் தடவை போகாம இருந்துடலாமான்னு தோணுச்சு மாமா" என்றாள்.

அன்று ராத்திரி அவளுடைய புஸ்தகத்தையே எடுத்துப் படித்தேன். வேடிக்கை என்னவென்றால், எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் அந்தப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று 1885-லேயே கணக்குப் போட்டிருக்கிறார். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது. அந்தச் சீட்டுக்கட்டு மென்பொருளுக்கு அதுதான் அஸ்திவாரம். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு பேர் மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் மூடி வைத்து ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஆனால் 'எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்' என்று அதிக நம்பிக்கையோடு இருந்தது யார்? திரும்பத் திரும்பப் படித்தவர்கள்! இதை மஞ்சள் மையில் அழுத்தமாகக் கோடு போட்டு வைத்திருந்தாள் குட்டி.

மறுநாள் தேர்வு நடந்தது. ஒரு புஸ்தகம், ஒரு சீட்டுக்கட்டு, ஒரு கேள்வித் தொகுப்பு. பரீட்சை நடத்துகிற ஏஏஎம்சி தானே வெளியிடுகிற மாதிரிக் கேள்விகளைக் கடைசி மூன்று வாரத்துக்குப் பத்திரமாக வைத்தோம். அசல் பரீட்சையின் வளைந்த பாஷை அதில்தான் அப்படியே இருக்கிறது. 300 பக்க நோட்ஸ் ஏதாவது புரியாவிட்டால் மட்டும் எடுத்துப் பார்க்க. மற்றதெல்லாம் பெட்டிக்குள். பெட்டிக்கு டேப்.

அக்கா அலறினாள். "புஸ்தகம் செலக்ட் பண்ணச் சொன்னா, இருக்கறதையும் மூட்டை கட்டறியேடா! ஒவ்வொண்ணும் டாலர்டா!"

அத்தான் வாயே திறக்கவில்லை. கிரெடிட் கார்டு பில் அவர் பெயரில்.

ஆறு வாரம். தினம் ராத்திரி அக்கா சப்பாத்தி இடுவாள், நான் சீட்டைப் படிப்பேன், குட்டி பதில் சொல்வாள். பரிசோதனை, வரைபடம் என்று ஒரு பக்கத்துக்குக் கொடுத்துக் கேட்கும் கேள்விகளைக் காலையில் கடிகாரம் வைத்துப் போடுவாள். முதல் வாரம் பாதிக்குப் பாதி தப்பு. அழுதாள். இரண்டாம் வாரம் அழவில்லை, ஆனால் தப்பு குறையவும் இல்லை. பெட்டி டேப்பை யாரோ பிரிக்கப் பார்த்த அடையாளம் இருந்தது. நான் கேட்கவில்லை. நாலாவது வாரம் சப்பாத்தி மாவோடு அக்காவே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "பாவ்லோவ் நாய்க்கு மணியடிச்சா எச்சில் ஊறும்டி, இதுகூடத் தெரியலையா?"

பரீட்சை அன்று ஏழரை மணி நேரமும் அத்தானும் நானும் பார்க்கிங்கில் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்த குட்டி ஒன்றும் சொல்லாமல் பின்சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

ரிசல்ட் வர ஒரு மாசம் ஆகும். அதற்குள் நான் சென்னை வந்துவிட்டேன். ஒரு ராத்திரி போனில் மெசேஜ்: 'சைக் 128. டோட்டல் 510. அப்ளை பண்றேன் மாமா.'

காலையில் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். "என்னடா தேடறே?" என்றாள் அம்மா. பழைய பேப்பர்க்காரர் எடை போட்டபோது இருபத்து மூன்று கிலோ வந்தது. "பூரா புதுசா இருக்கே சார், நெஜமாவே போட்டுடலாமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.