கருவாட்டுக்குள் சீனி

"சீனியத்தான் எப்பவோ விட்டுட்டேனே, அப்புறம் ஏன்டா ஈரல்ல கொழுப்பு?" கிள்ளானில் கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் அறைக்குத் திரும்பிய பிறகுதான் படித்தேன். 2018இல் வெளிவந்த ஆய்வு. கொலராடோ பல்கலைக்கழகத்தார் சுண்டெலிகளுக்கு மாதக்கணக்கில் உப்பு நீர் கொடுத்திருக்கிறார்கள். உப்பு மிகுந்தால் ஈரல் செல்லில் ஒரு மரபணு முடுக்கப்படுகிறது. அதிலிருந்து வரும் நொதி, குளுக்கோஸ் பிரக்டோஸாக மாறும் வழியைத் திறந்துவிடுகிறது. அந்தப் பிரக்டோஸ்தான் கொழுப்பாகப் படிகிறது. பிரக்டோஸைச் சிதைக்கும் நொதி இல்லாத எலிகள் தப்பின. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அம்மாவின் தட்டு நினைவுக்கு வந்தது.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்துப் பழக்கம்: கஞ்சிக்குக் கருவாடு. வேர்வையில் போன உப்பை அது ஈடுகட்டியது. தோட்டம் போய்விட்டது, வேர்வையும் போய்விட்டது, உப்பு மட்டும் அம்மாவோடு அடுக்குமாடிக்குக் குடிவந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு.

சொன்னேன். "அப்ப கருவாட்டுக்குள்ள சீனி இருக்குங்கிற?" என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிறு போனபோது தட்டில் கருவாடு இல்லை. ஊறுகாய் இருந்தது.