தறிக்கு மேற்கே ஒரு புங்கன்

ஆரணியில் வீடு கட்டும் நெசவாளர், தறிக்குழி எங்கே வரும் என்பதைத்தான் முதலில் முடிவு செய்கிறார். அடுப்படியும் படுக்கையறையும் அதன் பிறகு. ஊர் எல்லையில் புதிதாய் எழுந்திருக்கும் மனைப்பிரிவு ஒன்றில் அப்படிக் கட்டிய வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டு நெசவைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் தறிக்கொட்டகைக்குப் பின்னால் வெறுமனே கிடந்த இரண்டு சென்ட் மண்ணில் என்ன மரம் வைப்பது என்ற பேச்சிலேயே காலைப்பொழுது போயிற்று.

குழித்தறியில் நீளவாட்டு இழையான பாவு தரையை ஒட்டி ஓடுகிறது. மண்ணின் ஈரம் பட்டிழையைப் பதமாக வைத்திருக்கும். அந்த ஈரத்தைத் தின்பது ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்று. "காஞ்ச காத்து உள்ள வந்துச்சுன்னா இழை அறுந்துகிட்டே இருக்கும் சார். ஒரு இழைன்னா முடி போட்டுட்டுப் போயிடலாம். பத்து இழை போச்சுன்னா அன்னைக்கு சேலை நகராது" என்றார் வீட்டுக்கார நெசவாளர். கூலி சேலைக் கணக்கு. நகராத நாளுக்குக் காசு கிடையாது. ஆகவே மேற்குப் பக்கத்தில் நிற்கும் மரம் இவர்களுக்கு அச்சு, நாடா போல ஒரு தொழில் கருவி. வீடு கட்டித்தரும் மேஸ்திரிகளுக்கும் வங்கிகளுக்கும் இது புரிந்தால் எவ்வளவோ நல்லது.

மேற்குக்கு அவர் தேர்ந்தது புங்கன். கோடைக்கு முன் இலை உதிர்த்தாலும் சில வாரங்களில் தளிர்த்து, சித்திரை வெயில் உச்சிக்கு வரும்போது அடர்ந்து நிற்கும். வேம்பு ஏன் வேண்டாம் என்று கேட்டேன். பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது. அந்த வீட்டில், சேலையின் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வைக்குக் கை கொடுப்பவரும், பாவு நீட்டும்போது கஞ்சி தெளிப்பவரும் அவர்தான். மூன்று சேலைக்கான பாவு கிட்டத்தட்ட 20 மீட்டர் நீளம். விடியலில், வெயில் ஏறுமுன் திறந்த வெளியில் இழுத்துக் கட்டுவார்கள். "கஞ்சி ஈரத்துல வேப்பம்பூ விழுந்தா ஒட்டிக்கும்ங்க. ஆனி மாசம் பழம் தின்ன பறவைங்க வேற வந்துடும். வாசல்ல ஒரு வேப்பமரம் இருக்கட்டும், பாவு மேல வேணாம்." முருங்கையையும் அவர் தள்ளிவிட்டார்: மழைக்காலத்தில் அதில் அப்பும் கம்பளிப்பூச்சி கொட்டகைக்குள் இறங்கிவிடும்.

வடக்கில் மரமே கூடாது என்பதில் இருவரும் ஒரே சொல். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்தான் நிறம் பார்ப்பார்கள். இலை ஊடாக வரும் வெளிச்சம் பச்சை கலந்து வரும். அரக்கும் மெரூனும் அதில் ஒன்றாகிவிடும். இதை நான் எந்தத் தோட்டக்கலைப் புத்தகத்திலும் படித்ததில்லை.

தெற்கே பக்கத்து வீட்டு மாடி. அங்கிருந்து பார்த்தால் கொட்டகை முழுக்கத் தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர், தம் பங்குக்கு மறைப்பாக, சுவரோரம் வரிசையாகக் கோனோகார்பஸ் நட்டிருக்கிறார். ஓரிரு ஆண்டிலேயே ஆளுயரப் பச்சைச் சுவர் எழும்பிவிடும் என்று நர்சரிகளில் தள்ளிவிடுகிறார்கள். ஆப்பிரிக்க, அமெரிக்க வெப்பக் கடற்கரைகளைச் சேர்ந்த செடியினம் இது. நீர் தேடிப் பரவும் வேர் குழாய்களைக் கெடுப்பதாகவும் மகரந்தம் மூச்சுக்கோளாறு தருவதாகவும் புகார்கள் வர, 2023-இல் குஜராத் அரசு இதை நடத் தடை விதித்தது. நீர் தேடும் வேருக்கு, ஈரம் காக்கும் தறிக்குழி மூன்றடி தூரத்தில் காத்திருக்கிறது. எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.

கோனோகார்பஸுக்குப் பதிலாக நெட்டிலிங்கம் வைக்கலாமே என்றேன். ஒடுங்கி உயரும், எப்போதும் பச்சை. ஆனால் அதன் பழத்துக்கு வவ்வால் வரும், எச்சம் விழும். செம்பருத்தி அழகு, மாவுப்பூச்சி பிடித்தால் பிசுபிசுப்பும் எறும்பும். கடைசியில் நின்றது மருதாணி. வெட்ட வெட்ட அடரும், வறட்சி தாங்கும், காலில் மிதிபடும் அளவுக்குப் பூவும் கொட்டாது. தண்ணீர் தேங்கும் தென்கோடி மூலையில் நொச்சி: நாளெல்லாம் குழிக்குள் கால் தொங்கவிட்டு உட்காருபவர்களுக்குக் கொசு பெரிய தொல்லை, நொச்சி இலைப் புகைக்கு அது அடங்கும்.

புங்கன் நிழல் தர நான்கைந்து ஆண்டாவது ஆகும். மகன் செய்யாறு சிப்காட்டில் வேலைக்குப் போகிறான், தறியில் உட்காரப்போவதில்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, உட்கார ஆள்தான் குறைகிறது. இதை அவர்களிடம் நான் சொல்லவில்லை, அவர்களே சொன்னார்கள். சொல்லிவிட்டு, கொட்டகைச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி இரண்டு குழி எடுக்க இடம் குறித்தார்கள். வேருக்கு அவ்வளவு இடம் வேண்டும். நடவு ஐப்பசி மழை விழுந்த பிறகு.

பக்கத்து வீட்டுக்காரரிடமும் பேசியாகிவிட்டது. கோனோகார்பஸை வேரோடு எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். மருதாணி ஆளுயரம் வரும்வரை தென்னை ஓலைத் தட்டி கட்டவேண்டும் என்பது அவர் நிபந்தனை. தட்டிச் செலவு ஆளுக்குப் பாதி.