ஆமையின் ஆயுளும் சாலையின் வேகமும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எட்டு வகை நன்னீர் ஆமைகள் வாழ்கின்றன. முள்வரிசை கொண்ட நீண்ட வாலுடைய ஸ்னாப்பிங் ஆமை, தாடையும் தொண்டையும் மஞ்சளாக இருக்கும் பிளாண்டிங் ஆமை, ஓட்டின் விளிம்பில் சிவப்புக் கோடுகள் ஓடும் பெயின்டட் ஆமை ஆகியவை அவற்றில் பெயர்பெற்றவை. குளிர்காலத்தில் ஏரிகளும் குட்டைகளும் உறைந்துபோகும்போது, பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீரிலேயே மாதக்கணக்கில் கிடந்து பிழைக்கும் உடல்வாகு இவற்றுக்கு உண்டு. அவ்வளவு கடுமையைத் தாங்கும் இந்த எட்டு இனங்களுமே இன்று தேசிய மதிப்பீட்டில் ஏதேனும் ஒரு படிநிலையில் ஆபத்துக்குள்ளானவை. சதுப்பு நிலங்கள் அழிந்ததும், எஞ்சியவற்றை ஊடறுத்துச் சாலைகள் ஓடுவதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

இந்தச் சேதம் எளிதில் ஆறாததற்கு விளக்கம் ஆமையின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. ஒன்டாரியோவின் ஸ்னாப்பிங் ஆமை பருவமடைய 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. பிளாண்டிங் ஆமைக்கு 25 ஆண்டுகள்கூட ஆகலாம். ஸ்னாப்பிங் ஆமை ஒரே முறையில் முப்பது, நாற்பது முட்டைகள் இட்டாலும், ரக்கூனும் ஸ்கங்கும் நரியும் பெரும்பாலான முட்டைக் குழிகளைத் தோண்டித் தின்றுவிடுகின்றன. தப்பிப் பொரிக்கும் குஞ்சுகளை நாரைகளும் பெரிய மீன்களும் பிடிக்கின்றன. கோடை குளிர்ந்துபோன ஆண்டில் முட்டைகள் பொரிக்காமலே கெட்டுவிடுவதும் உண்டு. ஆயிரம் முட்டைகளில் ஒன்று வளர்ந்த ஆமையாவதே அரிது. இத்தனை இழப்பையும் ஈடுகட்டுவது நீண்ட ஆயுள் ஒன்றுதான். ஒரு பெண் ஆமை பல பத்தாண்டுகள் தொடர்ந்து முட்டையிட்டால்தான் தன் இடத்துக்கு ஒரு வாரிசை விட்டுச் செல்ல முடியும். முட்டையும் குஞ்சும் வட்டி என்றால் வளர்ந்த பெண் ஆமை முதல். வட்டி வராத ஆண்டுகளை இந்தக் குடும்பம் தாங்கும். முதலில் கை வைத்தால் தாங்காது.

இதற்கு அல்கான்குவின் மாகாணப் பூங்காவில் சான்று கிடைத்தது. அங்கே 1972 முதல் ஸ்னாப்பிங் ஆமைகள் அடையாளமிடப்பட்டு, தலைமுறை கடந்தும் கண்காணிக்கப்பட்டு வருகின்றன. 1980களின் பிற்பகுதியில், குளிர்கால உறக்கத்தில் இருந்த வளர்ந்த ஆமைகளை நீர்நாய்கள் தொடர்ந்து சில ஆண்டுகள் வேட்டையாடின. ஆமைகளின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அங்கே நீர்நாய்களின் வேட்டை சில குளிர்காலங்களோடு ஓய்ந்தது. சாலை அப்படி ஓய்வதில்லை.

வாழிட இழப்பு சாலைக்கு முந்திய கதை. தெற்கு ஒன்டாரியோவில் ஐரோப்பியக் குடியேற்றத்துக்கு முன்பிருந்த சதுப்பு நிலங்களில் 70 சதவீதத்துக்கும் மேல் வயலுக்காகவும் நகருக்காகவும் வடிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவை துண்டுதுண்டாகக் கிடக்கின்றன. ஆமைக்கோ ஒரே குட்டை போதாது. உறங்க ஆழமான நீர், இரை தேட ஆழமற்ற நீர், முட்டையிட வெயில் படும் மணல்மேடு என்று பருவத்துக்கு ஓர் இடம் வேண்டும். பிளாண்டிங் ஆமை இவற்றைத் தேடித் தரைவழியே கிலோமீட்டர் கணக்கில் நடக்கும். ஆகவே நீர்நிலையை மட்டும் வேலியிட்டுக் காத்து, சுற்றியுள்ள மேட்டுநிலத்தை விற்றுவிட்டால் ஆமைக்குப் பாதி வீடுதான் மிஞ்சும். ஈரி ஏரிக்கரையின் சதுப்புகளில் வெளிநாட்டு நாணல் அடர்ந்து பரவி, காக்கப்பட்ட இடங்களைக்கூட ஆமைகளுக்குப் பயன்படாதவையாக மாற்றி வருகிறது.

இந்தத் துண்டுகளுக்கு இடையேதான் சாலைகள் ஓடுகின்றன. ஜூன் மாதம் முட்டையிடும் காலம். சாலையோரச் சரளை இளகியது, வெயில் நன்றாகப் படுவது. குழி தோண்ட அதைவிட வசதியான இடம் பெண் ஆமைக்குத் தெரிவதில்லை. ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாகச் சாலைக்கு வருவதற்கு இதுவே காரணம். நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு, சாலைகள் நெருக்கமாக உள்ள பகுதிகளின் குளங்களில் ஆண் ஆமைகளின் விகிதம் கூடியிருப்பதைக் காட்டியது. வளர்ந்த ஆமைகளில் ஆண்டுக்குக் கூடுதலாக இரண்டு, மூன்று சதவீதம் இறந்தாலே கூட்டம் மெல்லத் தேயும் என்கின்றன கணிப்புகள். அந்தத் தேய்வு கண்ணுக்கு உடனே தெரியாது. குஞ்சுகள் வருவது நின்ற பிறகும் கிழட்டு ஆமைகள் பல பத்தாண்டுகள் மரக்கட்டைகளில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்; பார்ப்பவர்கள் குளத்துக்குக் குறையொன்றுமில்லை என்று எண்ணிக்கொள்வார்கள்.

ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் லாங் பாயின்ட் மணல்முனையை 1986இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அதைக் கரையோடு இணைக்கும் சுமார் மூன்றரை கிலோமீட்டர் சாலையின் ஒருபுறம் சதுப்பு, மறுபுறம் விரிகுடா. இங்கே ஆய்வாளர்கள் ரப்பர் ஆமையையும் பாம்பையும் சாலை நடுவில் வைத்துப் பார்த்தனர். நூறில் இரண்டு, மூன்று ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பி வேண்டுமென்றே அவற்றின் மேல் ஏற்றினர். காப்பாற்ற நிறுத்தி இறங்கியவர்களும் இருந்தனர். ஆனால் ஓட்டுநரின் மனத்தை நம்பி மட்டும் ஆமையைக் காக்க முடியாது. ஆகவே 2008 முதல் இரு ஓரங்களிலும் தடுப்பு வேலியும், சாலைக்கு அடியில் ஆமைகள் கடந்து செல்லச் சிறுபாலங்களும் அமைக்கப்பட்டன. முழுமையாக வேலியிட்ட பகுதிகளில் சாலைக்கு வந்த ஆமைகள் 89 சதவீதம் குறைந்தன. அரைகுறை வேலியால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒன்டாரியோவின் 69ஆம் நெடுஞ்சாலையிலும் இதுவே தெரிந்தது: வேலியின் இடைவெளிகளில் ஆமைகள் நுழைந்ததால் சாலைக்கு வருபவை குறையவில்லை. வேலியைக் கட்டுவதோடு ஒவ்வோர் ஆண்டும் செப்பனிடவும் வேண்டும்.

அடிபட்டவற்றுக்கு மருத்துவமும் உண்டு. பீட்டர்பரோவில் உள்ள ஒன்டாரியோ ஆமைப் பாதுகாப்பு மையத்துக்கு ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் வருகின்றன. உடைந்த ஓட்டைக் கம்பியால் இணைத்துத் தேற்றி, எடுத்த இடத்திலேயே விடுகிறார்கள். இறந்த தாயின் வயிற்றிலுள்ள முட்டைகளையும் எடுத்துப் பொரிக்க வைக்கிறார்கள். தமிழர்கள் திரளாக வாழும் ஸ்கார்பரோவையும் மார்க்கத்தையும் ஒட்டிய ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவில், டொராண்டோ விலங்குக் காட்சிசாலை வளர்த்த இளம் பிளாண்டிங் ஆமைகள் 2014 முதல் விடப்படுகின்றன. ஏறக்குறைய அழிந்துவிட்ட இடத்தில் இது பயனுள்ள முயற்சி. ஆனால் வளர்ந்த ஆமைகள் சாலையில் செத்துக்கொண்டிருந்தால் எத்தனை குஞ்சுகளை விட்டாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. ஸ்னாப்பிங் ஆமை வேட்டையை ஒன்டாரியோ 2017இல் நிறுத்தியதும் வளர்ந்த ஆமைகளைக் காப்பதற்குத்தான்.

சாலையில் ஆமையைக் காண்பவர் செய்யக்கூடியதும் எளிது. போக்குவரத்தைப் பார்த்துப் பத்திரமாக வண்டியை நிறுத்தி, ஆமை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கொண்டுபோய் விட வேண்டும். திருப்பி விட்டால் மீண்டும் சாலைக்கே வரும். வேறு குளத்துக்கு எடுத்துச் சென்றாலும் அது பழகிய இடத்தைத் தேடிப் பல சாலைகளைக் கடக்கும். ஸ்னாப்பிங் ஆமையை வாலைப் பிடித்துத் தூக்கினால் முதுகெலும்பு காயப்படும். அதன் அடி ஓடு சிறியது. உள்ளே ஒடுங்க முடியாததால்தான் கரையில் அது கடிக்க வருகிறது. காரின் தரைவிரிப்பில் ஏற்றி இழுத்துச் செல்வது இருவருக்கும் நல்லது. சாலையோர முட்டைக் குழிகளை ரக்கூனும் நரியும் தோண்டாதபடி, குஞ்சு வெளியேற வழிவிட்டுக் கம்பிவலைப் பெட்டி கவிழ்ப்பதும் உண்டு.

இவற்றில் எதன் பலனும் அடுத்த ஆண்டே தெரிந்துவிடாது. இன்று பொரிக்கும் ஸ்னாப்பிங் ஆமையின் பெண் குஞ்சு தன் முதல் முட்டையை இடப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் ஆகும். அதனால் வேலி, சிறுபாலம், சதுப்பு, சட்டம் எதுவானாலும் அதை அளக்க வேண்டியது விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையால் அல்ல, முட்டையிட்டுவிட்டு உயிரோடு நீருக்குத் திரும்பும் பெண் ஆமைகளின் எண்ணிக்கையால்.