தொங்கல் காம்பரா

தோட்டத்தில் வீடுகளுக்குப் பெயர் கிடையாது, இலக்கம்தான் உண்டு. மேல் டிவிசன், 7ஆம் இலக்க லயம், தொங்கல் காம்பரா என்பதே எங்கள் வீட்டின் முழு முகவரி. வரிசையின் கடைசி அறையைத்தான் தோட்டத்தில் தொங்கல் காம்பரா என்பார்கள். எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையினர் அந்த அறையில் வாழ்ந்திருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு அந்த லயம் இடிக்கப்பட்டது.

வடக்கிலும் கிழக்கிலும் யுத்தத்தில் வீடிழந்த சகோதரிகள் இதை வாசிக்கும்போது, இதுவும் ஒரு வீடிழந்த கதையா என்று கேட்கலாம். எங்கள் லயத்தின் மேல் ஷெல் விழவில்லை. புதிய வீடு கிடைத்ததால் பழையது இடிக்கப்பட்டது. எனினும் இரண்டு கதைகளும் ஒரே கேள்வியில் வந்து சந்திக்கின்றன. வீட்டைத் தாங்கி நின்ற பெண்ணின் பெயர் அந்த வீட்டின் கடதாசியில் எங்கே இருக்கிறது?

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினால் டிக்கோயாவைக் கடந்ததும் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியும். நோர்வூட்டைத் தாண்டி இன்னும் போனால் மவுசாகலை நீர்த்தேக்கம் வரும். எதிரே சிவனொளிபாதமலை. வருகிறவர்கள் பஸ்ஸில் இருந்தபடியே படம் பிடிக்கும் அழகான இடம். அந்தத் தண்ணீருக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. 1960களின் இறுதியில் நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டியபோது கடைத்தெருவும் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் நீருக்குள் போயின. நகரம் மேட்டுக்கு மாறியது. கடும் வரட்சியில் நீர் வற்றும் காலங்களில் பழைய வணக்கத் தலங்களின் இடிபாடுகள் வெளியே தெரியும். சனங்கள் இறங்கிப் போய்ப் பார்த்து வருவார்கள். கோயில் இருந்த இடத்துக்கு அடையாளமாகக் கல் மிஞ்சியிருக்கிறது. இடித்த லயத்துக்கு அதுவும் மிஞ்சுவதில்லை.

எங்கள் தோட்டம் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலை மலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் அரை மணித்தியாலம் ஏற வேண்டும். லயம் இருந்த இடத்தில் இப்போது போஞ்சியும் லீக்ஸும் நட்டிருக்கிறார்கள். பீலி மட்டும் அப்படியே ஓடுகிறது.

லயம் என்ற ஏற்பாடு தேயிலைக்கு முந்தியது. கோப்பிக் காலத்திலேயே தமிழ்நாட்டின் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து எங்கள் சனங்கள் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் இறந்தவர்கள் பலர். அந்தக் கூலிகளைத் தங்கவைக்கக் கட்டியவைதான் லயங்கள். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869இல் பரவத் தொடங்கிய இலை நோயால் கோப்பி அழிந்தது. பயிர் மாறியது, லயம் மாறவில்லை. கோப்பிக்கு ஆட்கள் பருவத்துக்கு வந்து போனார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், அதற்குப் பெண்கள் வேண்டும். குடும்பம் குடும்பமாக வந்தவர்களுக்கும் அதே பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைதான் கிடைத்தது.

எங்கள் அறைக்கு முதலில் வந்தது அப்பாயியின் மாமியார். அவர் சிறுபிள்ளையாகத் தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பிலிருந்து ரயிலில் ஹட்டனுக்கு வந்தவர். அந்த நாளில் அறைக்கு ஒரு கதவு, ஜன்னல் இல்லை. மேலே தகரம், கீழே மண் தரை, மூலையில் அடுப்பு. சமையலும் படுக்கையும் பிள்ளைப்பேறும் அதே அறைக்குள்தான். அப்பாயி கல்யாணமாகி வந்தபோது பெரிய மகன் குடும்பமும் அங்கேதான் இருந்தது. அப்பாயி கயிறு கட்டி ஒரு பழைய சேலையை நடுவில் தொங்கவிட்டார். ஒரு வீடு இரண்டு வீடானது அப்படித்தான்.

பிறகு இஸ்தோப்பு பள்ளிக்கூடமானது. எழுத்துத் தெரிந்த ஒரு கிழவர் மாலையில் பெரட்டு முடிந்து வந்து பிள்ளைகளுக்கு மணலில் ஆனா ஆவன்னா எழுதிக் காட்டினார். அப்பாயி தினமும் அந்தத் திண்ணையைச் சாணமிட்டு மெழுகிவைத்தார். தான் எழுதப் படிக்காதவர். அந்தக் காலத்தில் வெளியாட்கள் தோட்டத்துக்குள் வரவே முடியாது. தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் புடவை வியாபாரிபோல் தோட்டங்களுக்குள் வந்து நிலைமையைப் பார்த்தவர். அவருடைய மனைவி மீனாட்சியம்மை பாட்டுக் கட்டிப் பாடி, தொழிலாளரை ஒன்றுசேர்த்தவர். அவர்களுடைய பெயர்களை அப்பாயி பேசக் கேட்டிருக்கிறேன். எங்கள் லயத்துப் பெண்கள் சங்கத்தைப் பற்றிக் கதைத்ததும் அந்த இஸ்தோப்பில்தான், அரிசி புடைக்கிற சாக்கில்.

1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள், வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரில் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும், 300,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு எங்கள் அறைக்குள்ளும் வந்தது. சேலைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியப்பா குடும்பத்துக்கு இந்தியா. இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு இலங்கை. 1972இல் அவர்கள் புறப்பட்டபோது லயத்தின் பன்னிரண்டு காம்பராப் பெண்களும் வந்து ஒப்பாரி வைத்து அழுதார்களாம். தலைமன்னாரிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கும் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு லயத்து அறைதான்.

அடுத்த வருடமே பஞ்சம் வந்தது. 1973, 1974 ஆண்டுகளைப் பற்றித் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டால் இப்போதும் குரல் தாழ்ந்துவிடும். அரிசியும் மாவும் வெட்டப்பட்டு, வேலை நாளும் குறைந்து, பட்டினியால் செத்தவர்கள் உண்டு. பெரியப்பா வீட்டார் விட்டுப்போன பித்தளைக் குடங்களை அப்பாயி ஒன்றொன்றாக டவுனுக்குக் கொண்டுபோய் விற்றார். கடைசிக் குடம் விற்ற பணத்தில் வாங்கிய மாவில் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சினார் என்று அம்மா சொல்வார்.

1977 ஆவணிக் கலவரத்தில் தோட்டங்கள் பலவற்றில் லயங்களை உடைத்துக் கொள்ளையடித்தார்கள். கீழ் டிவிசன் சனங்கள் எங்கள் லயத்துக்கு ஓடி வந்து, ஒரு கிழமை எங்கள் அறையில் பதினெட்டுப் பேர் இருந்தோம். அதன்பிறகு என் அத்தை, அப்பாவின் தங்கை, புருஷன் பிள்ளைகளோடு வவுனியாவுக்குப் போய்விட்டார். 1977, 1981, 1983 கலவரங்களுக்குப் பிறகு இப்படி வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்கள் ஏராளம். காட்டை வெட்டி, கிணறு தோண்டி வாழத் தொடங்கியவர்கள். அத்தை குடும்பம் பிறகு கிளிநொச்சிக்கு மாறியது. 2009இல் அந்த வீடும் போய், செட்டிக்குளம் மெனிக் பாமில் கூடாரத்துக்குள் இருந்தார்கள். அங்கிருந்து அவர் எழுதிய கடிதமும் எங்கள் லயத்துக்கு நேராக வரவில்லை. தோட்டத்துக் கடிதமெல்லாம் ஒப்பீசுக்குத்தான் வரும், நாங்கள் போய்க் கேட்டு வாங்க வேண்டும். இலக்கம் இருந்தும் முகவரி இல்லாத வாழ்க்கை அது.

அப்பா 1991இல் காலமானார். அப்போது அம்மாவுக்கு நாற்பது வயதும் ஆகவில்லை, நாங்கள் மூன்று பிள்ளைகள். பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே நாட்சம்பளம் என்றானது 1984இல்தான். அதற்கு முன் அம்மா ஆணைவிடக் குறைவாகச் சம்பளம் பெற்றார், அதையும் அப்பாதான் கையெழுத்து வைத்து வாங்கினார். அப்பா போனபிறகு முதன்முதலாகச் சம்பளத்தைத் தன் கையால் வாங்கினார் அம்மா. அந்தப் பணத்தில் சீட்டுப் பிடித்து ஒரு தையல் இயந்திரம் எடுத்தார். பள்ளிக்கூடமாயிருந்த இஸ்தோப்பு தையல் கடையானது. பாடசாலைச் சட்டை, கல்யாண ரவிக்கை, கொழுந்து மலைக்குக் கட்டும் படங்கின் ஓரம் எல்லாம் அங்கே தைக்கப்பட்டன. பின்பக்கம் தகரம் அடித்துக் குசினி இறக்கினார். அதற்குத் தோட்ட நிர்வாகத்திடம் மூன்று தரம் போய் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. நாங்கள் படித்தது அந்த இயந்திரத்தின் சத்தத்தோடுதான்.

இப்படி ஓர் அறை படுக்கையாக, பள்ளியாக, சங்கமாக, அகதி முகாமாக, தையல் கடையாக மாறி வந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தது ஒரு பெண். தோட்டப் பதிவேட்டில் இருந்ததோ வேலைக்காரனின் பேரும் காம்பரா இலக்கமும் மட்டும்தான்.

பழைய லய அறை எப்படியிருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறவர்கள் கம்பளைக்கு அருகே பாரதெக்கவில் உள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலைக்குப் போகலாம். பழைய லயமொன்றையே திருத்தி, 2007இல் சமூக அபிவிருத்தி நிறுவகம் அதை அமைத்தது. எங்கள் சனங்கள் புழங்கிய பாத்திரங்களும் வேலைக் கருவிகளும் பழைய ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. கண்டி ஹந்தானையில் பழைய தொழிற்சாலை ஒன்றில் தேயிலை நூதனசாலை உண்டு. அங்கே தேயிலை அரைத்த இயந்திரங்களைப் பார்க்கலாம். கொழுந்து எடுத்த கை எந்த அடுப்பில் சமைத்தது என்பதைப் பார்க்கப் பாரதெக்கவுக்குத்தான் போக வேண்டும்.

இனி எங்கள் புதிய வீட்டுக்கு வருகிறேன். இந்திய அரசின் உதவியில் தோட்டங்களில் 4,000 தனி வீடுகள் கட்டும் வேலை நடந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். எங்கள் தோட்டத்திலும் ஏழு பேர்ச் காணியோடு தனி வீடுகள் எழுந்தன. பெயர் பதிய வந்தவர், “குடும்பத் தலைவர் யார்?” என்று கேட்டார். அம்மா, “நான்தான்” என்றார். வந்தவர் சிரித்துவிட்டு, “மகன் இருக்கிறாரே அம்மா” என்று தம்பியின் பெயரை எழுதினார். தம்பி கொழும்பில் கடையில் நிற்கிறான். வருடத்துக்கு இரண்டு தரம், தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வருவான்.

அம்மா சண்டை போடவில்லை. மறுநாள் ஒரு துணிப்பையோடு ஒப்பீசுக்குப் போனார். பைக்குள் முப்பத்தைந்து வருடச் சம்பளத் துண்டுகள், சேமலாப நிதிக் கடதாசி, அப்பாவின் மரணச் சான்றிதழ், எங்கள் மூவரின் பிறப்புச் சான்றிதழ்கள். எல்லாவற்றிலும் அதே தோட்டம், அதே டிவிசன். கூடவே தம்பியையும் வரவழைத்து, அவன் வாயாலேயே “வீடு அம்மாவுக்கு” என்று சொல்லவைத்தார். நாலு தரம் அலைந்தபிறகு பெயர் திருத்தப்பட்டது. வீடு கைக்கு வந்துவிட்டது. காணி உறுதி இன்னும் வரவில்லை. மாதம் ஒருமுறை அம்மா போய்க் கேட்டுவிட்டு வருகிறார்.

இந்த விஷயத்தை அத்தையிடம் தொலைபேசியில் சொன்னபோது, கிளிநொச்சியிலும் இதே கதைதான் என்றார். அவருடைய காணி அனுமதிப்பத்திரக் காணி, மாமாவின் பெயரில் உள்ளது. மாமா பின்னுரிமையாளர் என்று யாரையும் பதியாமல் இறந்துவிட்டார். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, அப்படிப் பதியாவிட்டால் மனைவியின் காலத்துக்குப் பின் உரிமை மகளுக்கு முன் மூத்த மகனுக்குப் போகும். வீட்டோடு இருந்து தாயைப் பார்ப்பவள் மகளாக இருந்தாலும் அதுதான் விதி. இந்தப் பாகுபாட்டை நீக்க அச்சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. சட்டம் திருந்தியது பல பெண்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கந்தோரில் பழைய வழக்கமே நடக்கக்கூடும். ஆகவே அனுமதிப்பத்திரக் காணி வைத்திருக்கும் சகோதரிகள் பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பத்திரம் இப்போது யார் பெயரில் இருக்கிறது? பின்னுரிமையாளர் பதியப்பட்டிருக்கிறாரா? பதியாவிட்டால், 2022 திருத்தத்தின்படி உங்களுக்கும் உங்கள் பெண் பிள்ளைகளுக்கும் உள்ள உரிமை என்ன?

இன்னொரு வேலையும் செய்யலாம். இடிந்த வீடோ இருக்கிற வீடோ, அதன் கதையை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். யார் எந்த வருடம் வந்தார், கிணற்றை யார் வெட்டினார், குசினியை யார் இறக்கினார், எந்தக் காலத்தில் யாருக்கெல்லாம் அந்த வீடு அடைக்கலம் கொடுத்தது என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். கையிலுள்ள பற்றுச்சீட்டு, பங்கீட்டு அட்டை, கிளினிக் கொப்பி, பழைய கடிதம் எதையும் எறியாதீர்கள். பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை நம்பிக்கையான ஓர் உறவினர் வீட்டிலும் வையுங்கள். இடம்பெயர நேர்ந்தால் முதலில் கையில் எடுக்க வேண்டிய பை அதுதான். எங்கள் அம்மாவுக்கு வீட்டைப் பெற்றுத் தந்தது அப்படிச் சேர்த்துவைத்த ஒரு துணிப்பைதான்.