வழிகாட்டியும் வழிச்செல்வோரும்

முர்ஷித், முரீது என்னும் சொற்கள் எம் கல்லூரி மாணவர்க்குப் புதியன அல்ல. முகியித்தீன் சதகம் பாடிய குணங்குடியாரின் பாடல்களைப் பயின்றோர், குருவை நாடும் நெஞ்சின் தவிப்பை நன்கறிவர். கிறித்தவ நெறியிலும் இவ்வுறவு தொன்மையானதே. பவுலடியார் தீமோத்தேயுவை மகனென விளித்து எழுதிய திருமுகங்கள் இரண்டு விவிலியத்திலேயே உள்ளன. ஆயினும் ஏட்டினும் வாழ்க்கையே தெளிவாகப் பேசுமாதலின், தமிழ் மண்ணில் வாழ்ந்த ஒருவரை எடுத்துக்கொள்கிறோம்.

1779ஆம் ஆண்டு. கொங்குநாடு அந்நாளில் மைசூர் ஆட்சிக்குட்பட்டிருந்தது. கரூர் அதன் கிழக்கெல்லைக் கோட்டை. திருச்சியிலிருந்து புறப்பட்ட செருமானியப் பாதிரியார் ஒருவர், கரூர் வழியாகக் கொங்கு மண்ணைக் கடந்து சீரங்கப்பட்டணம் சென்றார். அவரே சுவார்ட்சு ஐயர் (1726–1798). ஆங்கிலேயரின் தூதரை நம்பாத ஹைதர் அலி, இவரை நம்பினார். மொழிபெயர்ப்பாளர் இடைநில்லாமல் இந்துஸ்தானியிலேயே இருவரும் உரையாடினர். மறு ஆண்டில் போர் மூண்டது. அப்போதும் அவரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு ஹைதர் தம் படைத்தலைவர்க்குப் பணித்தார் என்பர். வேற்றுச் சமயத்தாரும் ஐயுறாத வாழ்வு ஒருவர்க்கு வாய்க்குமாயின், பிறரை வழிநடத்தும் தகுதி அவர்க்குண்டு என ஏற்பதில் தடையென்ன?

அவரிடம் வளர்ந்த இருவரைக் காண்போம். ஒருவர் நெல்லைச் சீமையில் 1774இல் பிறந்த வேதநாயகர். ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துவந்து தம்முடன் வைத்துக் கற்பித்தார். மற்றவர் சரபோசி. துளசா மன்னர் 1787இல் இறக்குமுன் அச்சிறுவனைத் தத்தெடுத்து, ஐயரின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். அமர்சிங்கு அரியணையேறியபின் இளவரசர் துன்புற்றார். ஐயர் ஆங்கில அரசுக்கு எழுதி, அவரைச் சென்னைக்கு அனுப்பிக் கல்வி தொடரச் செய்தார்.

ஒருவர் கிறித்தவக் கவிஞராகிப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். மற்றவர் இந்து மன்னராகவே ஆண்டு, இந்துவாகவே மறைந்தார். குருவின் உழைப்பு ஒரு பாதி வீணாயிற்று என்பாரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தந்தையற்ற சிறுவன் தம் தயவில் இருக்க, அவனை மதமாற்றும் வாய்ப்பை ஆயுதமாக்காத பெருந்தகைமையே ஐயரை உயர்த்துகிறது. தஞ்சைத் தேவாலயத்தில் சரபோசி நிறுவிய பளிங்குச் சிற்பத்தில், மரணப் படுக்கையில் கிடக்கும் ஆசானின் கையை மன்னர் பற்றி நிற்கிறார். மாறாத சமயத்தவரின் மாறாத நன்றி அது.

பின்னாளில் வேதநாயகர் அம்மன்னரின் அவைக்கவிஞருமானார். தம் தெய்வத்தின்மேல் குறவஞ்சி பாடுமாறு மன்னர் கேட்க, கவிஞர் மறுத்தார் என்று அவர்தம் வரலாறு கூறும். ஒரே ஆசானின் மாணவர் இருவர். இருவரும் தத்தம் நெறியில் உறுதியாய் நின்றனர். அரசனுக்கு அஞ்சாத அந்த மறுப்பிலும் ஐயரின் கை தெரிகிறது என்றே யாம் கருதுகிறோம்.

கோவைக்கு அணித்தேயுள்ள கருமத்தம்பட்டியும் ஒரு வழிகாட்டியை அறியும். 1846 அக்டோபர் 4ஆம் நாள் அங்கே ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் மரியோன் பிரெசியாக்கு. புதுச்சேரிக் குருமடத்தின் தலைவராயிருந்த அவர், இந்நாட்டு மைந்தரே குருக்களாகித் தம் திருச்சபையைத் தாமே நடத்தவேண்டும் என்று விரும்பினார். தாம் தேவைப்படாத நாளை நோக்கி உழைக்கும் ஆசான் அரியர். சாதி வழக்கங்கள் பற்றிய கருத்து வேறுபாடுகளால் மனம் நொந்து பதவி துறந்து, 1856இல் பிரான்சின் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859இல் ஆப்பிரிக்காவின் பிரீடவுன் நகரை அடைந்த ஆறு வாரங்களுக்குள், ஜூன் 25ஆம் நாள், கொள்ளைநோய்க்கு இரையானார். லியோனில் இருந்த அவர்தம் துணைவர் பிளாங்கு, தலைவரை இழந்த அச்சபையைக் கலைக்காமல் ஏற்று நடத்தினார். அது இன்றும் பணியாற்றி வருகிறது.